ஆளில்லாத படம்

அருணகிரி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன் குரு சிவகாமி அம்மையாரைவிட இருபது வயது மூத்த சீடர். நீராவி இன்ஜின் என்றால் அவருக்கு உயிர். அம்மையாரின் மடத்துக்கு ஞானம் தேடித்தான் வருவார். ஆனால் வாயைத் திறந்தால் பாய்லர்தான்.

அம்மையார் பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. "உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காதுலயே கரி படிஞ்சிருச்சு" என்பார்.

ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய இன்ஜினை அருணகிரியும் நண்பர்களும் பாடுபட்டு ஓட வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நாள் ஓட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். அப்புறம் அது அசையாது.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றார் அருணகிரி. "இந்த இன்ஜின் மேல நான் வச்சிருக்கறது அன்பா, பற்றா?"

"பார்க்காம எப்படிச் சொல்றது? நானும் வர்றேன்."

வண்டியை ஓட்டியவர் காஜா மொய்தீன். நீராவிக் காலத்து டிரைவர். ஓய்விலிருந்தவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். கடைசி ஸ்டேஷனான கருவேலம்பட்டி வரை வண்டி போக வேண்டும், அது போதும் என்றார்.

கிளம்புமுன் அம்மையாரிடம் காரணம் சொன்னார்.

"எங்க வீட்டுல அங்க வந்து நிக்கிறாங்கம்மா. கல்யாணமான நாள்லேர்ந்து என் கரிச்சட்டையைத் துவைச்சவங்க. நான் ஓட்டி ஒருநாள்கூடப் பார்த்ததில்ல. இன்னிக்குத்தான் பார்க்கப் போறாங்க."

இன்ஜினுக்குப் பின்னால் மாட்டிய பெட்டியில் ரசிகர்களும் ஊர்ஜனங்களும் குழந்தைகளோடு ஏறிக்கொண்டார்கள். பாதி வழியில் அழகான ஒரு வளைவு வந்தது. அருணகிரி வண்டியை நிறுத்தச் சொன்னார். எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி புகைவிட்டு வரச் சொல்லிப் படம் பிடிப்பது இன்ஜின் ரசிகர்களின் வழக்கம்.

"இறங்குங்க, இறங்குங்க! எல்லாரும் அந்த வேலிக்குப் பின்னால போங்க!"

வண்டி பின்னால் போய், புகை கக்கிக்கொண்டு வந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு ஆட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"யோவ், தள்ளிப் போய்யா! எல்லாம் போச்சு!"

மறுபடி பின்னால் போய் வந்தது. இந்தத் தடவை ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது.

"யாரது இறங்காம இருக்கறது?"

"முட்டி வலிக்குதுப்பா. அதான் உக்காந்துட்டேன்" என்றது ஒரு பெண் குரல்.

"கையையாவது உள்ள வைங்கம்மா!" அருணகிரி தலையில் அடித்துக்கொண்டார். "ரசனை கெட்ட ஜனங்க!"

வெயில் ஏறியது. குழந்தைகள் அழுதன. அம்மையார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார்.

அடுத்த தடவை ஆட்டுக்காரரும் இல்லை, கையும் இல்லை. ஆனால் காஜா மொய்தீன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

"பாய்! தலையை உள்ள இழுங்க!"

"எனக்கு முன்னால முழுக்கப் பாய்லர்தானே சார். தலையை நீட்டினாத்தான் பாதை தெரியும்."

"படத்துல உங்க தலைத்துண்டு கண்ணை உறுத்துது. ஒரே ஒரு தடவை, பாய்."

காஜா மொய்தீன் இன்ஜினைப் பின்னால் கொண்டுபோனார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மெதுவாக ஓட்டிவந்தார்.

"கிடைச்சிருச்சு!" என்று அருணகிரி குதித்தார்.

காஜா மொய்தீன் இறங்கிப் போய் இன்ஜினின் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"முன்னும் பின்னும் ஓட்டினதுல தண்ணி இறங்கிருச்சு சார். கருவேலம்பட்டி போயிட்டுத் திரும்பப் பத்தாது."

"அங்க பிடிச்சுக்கலாமே?"

"அங்க இருந்த குழாயைப் பிடுங்கி வருஷக்கணக்காச்சு. இப்பவே திரும்பினாத்தான் ஷெட்டுக்குப் போய்ச் சேருவோம்."

நாளைக்குப் போகலாம் என்று சொல்ல நாளை இல்லை.

காஜா மொய்தீன் கொஞ்ச தூரம் தள்ளிப் போய்ச் செல்போனில் பேசினார். "வெயில்ல நிக்காதே. வீட்டுக்குப் போ. இல்ல, வண்டி அங்க வரல."

திரும்பும் வழியெல்லாம் அருணகிரி பொரிந்து தள்ளினார். ஆட்டுக்காரரைத் திட்டினார். முட்டிவலிக்காரியைத் திட்டினார். தொட்டியின் அளவைத் திட்டினார்.

"இவங்க ஒழுங்கா இருந்திருந்தா முதல் தடவையே முடிஞ்சிருக்கும். கருவேலம்பட்டியும் போயிருக்கலாம்."

அம்மையார் எரிச்சலில் விசிறியை வேகமாக வீசிக்கொண்டார்.

அருணகிரி காமிராவை அவர் முன்னால் நீட்டினார். வளைவு, கரும்புகை, மின்னும் பித்தளை. மருந்துக்குக்கூட ஒரு ஆள் இல்லை. படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இப்ப சொல்லுங்கம்மா. இது அன்பா, பற்றா?"

அம்மையார் காமிராவை வாங்கிப் பார்த்தார்.

"இதைப் பெரிசா அச்சுப் போட்டு, காஜா பாய் வீட்டம்மாகிட்ட நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. 'எங்க வீட்டுக்காரர் எங்கே?'ன்னு கேப்பாங்க. காட்டுங்க."