உமிக்குள் இருந்த வேதப்புத்தகம்

கொன்றையூர் ஜமீனில் நெல் குத்திப் பிழைத்த நவமணிக்கு நடந்தது அநியாயம். அதற்கு வேறு பேரே கிடையாது. பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ வேதம் சொல்லிக்கொடுத்தாள் என்று, அவளிடமிருந்த ஒரே வேதப்புத்தகத்தை ஜமீன் காரியஸ்தர் கொளுத்திவிட்டார். அவள் யாரை அடித்தாள், எதைத் திருடினாள்?

புத்தகத்தை உமிக் குவியலுக்குள் பத்திரமாகத்தான் ஒளித்து வைத்திருந்தாள். ஆட்கள் மூன்று நாள் வீடு வீடாகப் புரட்டியும் அகப்படவில்லை. கடைசியில் காரியஸ்தர், அவளிடம் படித்த ஏழு வயது எப்சியைக் கூப்பிட்டார்.

"புத்தகம் எங்கடி இருக்கு?"

"உமிக்குள்ள இருக்குங்கய்யா."

காரியஸ்தர் கேட்டதற்கு உண்மையைச் சொன்ன ஒரே ஜீவன் அந்த ஊரில் அதுதான்.

மறுநாள் காலை சாம்பலைச் சுற்றி ஊரே நின்றது. எப்சி தேம்பிக்கொண்டிருந்தாள். காரியஸ்தர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏ நவமணி! நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொழுது சாயுறதுக்குள்ள இந்தப் பிள்ளைகளுக்கு மறந்துபோகணும். ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. இல்லன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரைவிட்டுக் கிளம்பு. பெரிய வாத்தியாரம்மா!"

ஆட்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

நவமணி முந்தானையால் எப்சியின் முகத்தைத் துடைத்தாள். காரியஸ்தர் பக்கம் திரும்பினாள்.

"மறக்க வச்சிடுறேங்கய்யா. பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தேன், அதுல இருந்தே ஆரம்பிக்கட்டுமா? அதை மட்டும் இந்தப் பிள்ளை நேத்தே மறந்திருந்தா, என் புத்தகம் உமிக்குள்ளயே பிழைச்சிக் கிடந்திருக்கும்."