ஒரே ஆழத்தில் விதைத்தவள்

ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்து, ஊர்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். என் தொண்டைக்கு வயதாகிவிட்டது.

அந்தக் காலத்தில் தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் செங்கோடன். இளவயது, நல்ல உடற்கட்டு, அதைவிட நல்ல மனது. அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. எதைக் கொடுத்தாலும், எதைக் கேட்டாலும், எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பார்.

அரண்மனைப் பந்தியில் மல்லன் என்ற பயில்வானுக்கு எத்தனை கரண்டி சோறோ, அவன் மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அத்தனை கரண்டி. குளிருக்குக் கம்பளி கொடுத்தால் ஓங்கி வளர்ந்தவனுக்கும் அதே கம்பளி, தொட்டில் குழந்தைக்கும் அதே கம்பளி. மல்லன் அரை வயிறோடு எழுந்து போவான். பிள்ளையின் இலையில் சோறு குவிந்து கிடக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாழைநாட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முன்னால் ஆண்ட ராஜாக்கள் வேண்டியவனுக்கு வாரி வழங்கி, வேண்டாதவனைப் பட்டினி போட்டவர்கள். அந்தக் கொடுமையைக் கண்டவர்களுக்கு இந்த ராஜா தெய்வமாகத் தெரிந்தார். எனக்கும்கூட அவர்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது.

அந்த நாட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. வருஷக்கணக்கில் வண்டல் சேர்ந்து, ஏரி மேடு தட்டிப் போயிற்று. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடும். கோடையில் மாடு குடிக்கக்கூட மிச்சம் இருக்காது. ஆகவே ராஜா ஓர் ஆணை போட்டார். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள், ஒவ்வொரு வீடும் ஏரியில் ஒரு குழி வெட்டி மண்ணைக் கரையில் கொட்ட வேண்டும். குழிக்கு ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே ஆழம். வெட்டி முடிக்காத வீட்டார் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு நாட்டை விட்டே போய்விட வேண்டும்.

ஆணை கடுமையானதுதான். ஆனால் ராஜா முதலில் தன் குழியை வெட்டினார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் முண்டாசு கட்டி, மற்றவர்களோடு மற்றவராக நின்று வெட்டினார். கை கொப்பளித்தது. வேலையை மேற்பார்த்த கண்காணி ஓடிவந்து மண்வெட்டியை வாங்கப் போனார். தன் பங்கைத் தானே முடித்துக்கொள்வதாக ராஜா சொல்லி அனுப்பிவிட்டார். ஊரே அதைப் பார்த்து உருகிப் போயிற்று.

மல்லன் தன் குழியை ஒரு காலைப் பொழுதிலேயே முடித்துவிட்டு, கரையில் இருந்த புங்க மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். அவன் மேல் தப்பில்லை. அவன் பங்கு முடிந்தது.

ஊரில் எல்லாரும் முடித்தார்கள், மூன்று வீடுகளைத் தவிர.

ஒன்று, கால் சூம்பிப்போன குயவர் ஓதியப்பனின் வீடு. இரண்டு, பார்வை மங்கிய பாட்டுக்காரர் கரியண்ணனின் வீடு. மூன்று, நாச்சாயியின் வீடு. நாச்சாயியின் புருஷன் பொதிமாடு ஓட்டிக்கொண்டு மேற்குக் கடற்கரைக்கு உப்பு வாங்கப் போயிருந்தான். அவள் நிறைமாதமாக இருந்தாள். குழியைப் பாதி வெட்டும்போதே வலி கண்டு, ஏரிக்கரையிலிருந்து கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. பச்சை உடம்போடு அவள் மறுபடி வந்து மண்வெட்டியை எடுத்தாள். ஒரு கூடை மண்ணைத் தூக்கியதும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். குழி பாதியிலேயே நின்றது.

கண்காணி கோலை வைத்து அளந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். இரண்டாவது தடவையும் அளந்து பார்த்தார். கோல் என்ன செய்யும்?

ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்து ஓய்ந்தது. அதுதான் அரண்மனைத் தோட்டத்தில் விதை போடுகிற நாள்.

தாழைநாட்டில் அந்த நாளுக்கு ஒரு முறை உண்டு. தோட்டத்தில் ராஜாவே தன் கையால் விதைப்பார். அன்றைக்கு ராஜா முன்னால் யார் வந்து நின்றாலும், அயல்நாட்டுத் தூதனாக இருந்தாலும் கன்னம் வைத்த திருடனாக இருந்தாலும், ஒரு கை விதை போட்டுவிட்டுத்தான் வந்த காரியத்தைப் பேச வேண்டும். அந்தத் தோட்டத்தில் விளைந்து முற்றும் விதைதான் மறுவருஷம் நாட்டில் எல்லா வீட்டுக்கும் போகும். அதனால் எல்லார் கையும் அதில் பட வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த முறை அது.

செங்கோடன் விதைப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாள் பிடித்த கை அது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சுரை விதையை எடுத்தால், விரலால் குழி போட்டு ஆழமாக ஊன்றுவார். அது திடமான விதை, மேலே கிடந்தால் அணில் கொண்டுபோய்விடும். பாகல் விதையை எடுத்தால், முதல் நாளே ஊறப்போட்டு, தோல் இளகியதா என்று நகத்தால் தொட்டுப் பார்த்து, அப்புறம் ஊன்றுவார். அதற்குத் தடித்த தோல், அவசரப்படுத்தினால் முளைக்காது. கோழிக்கொண்டைப் பூவின் விதையை எடுத்தாலோ மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். கடுகில் கால்வாசி இருக்கும் அந்த விதை. அதை மணலோடு கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, கையால் தண்ணீர் தெளிப்பார். மண்ணை அள்ளி மூடமாட்டார்.

ஒவ்வொரு விதையோடும் ஏதோ முணுமுணுவென்று பேசிக்கொண்டே போவார். மந்திரியிடம்கூட அவர் அவ்வளவு பதமாகப் பேசியது கிடையாது.

அந்த வேளையில்தான் கண்காணி அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். ராஜாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் சட்டம் சட்டம்தானே. மூவரும் முதலில் விதை போடட்டும், தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன் என்றார். தீர்ப்பு என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

குயவர் ஓதியப்பன் காலை இழுத்துக்கொண்டு வந்தார். ராஜா சொல்லிக் கொடுத்தபடியே விதைத்தார். ஒதுங்கி நின்றார்.

பாட்டுக்காரர் கரியண்ணன் தடவித் தடவி வந்தார். ராஜா சொல்லிக் கொடுத்தபடியே விதைத்தார். அவரும் ஒதுங்கி நின்றார்.

மூன்றாவதாக நாச்சாயி வந்தாள். குழந்தையை மாரோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ராஜா அவள் கையில் கொஞ்சம் சுரை விதை, கொஞ்சம் பாகல் விதை, ஒரு சிட்டிகை கோழிக்கொண்டை விதை போட்டார்.

அவள் பாத்தி ஓரம் உட்கார்ந்தாள். நடுவிரலை முழுசாக மண்ணில் இறக்கி ஒரு குழி போட்டாள். பக்கத்தில் அதே ஆழத்தில் இன்னொரு குழி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. முதல் குழியில் சுரை விதையைப் போட்டு மூடினாள். இரண்டாவது குழியில், தோல் இளகியதா என்று தொட்டுப் பாராமலே பாகல் விதையைப் போட்டு மூடினாள். மூன்றாவது குழியில் அந்தப் பூ விதையைக் கொட்டி, மண்ணைத் தள்ளி, கட்டை விரலால் அழுத்தி மூடினாள்.

ராஜாவால் தாங்க முடியவில்லை.

"அம்மணி, என்ன காரியம் பண்ணறே? பூ விதையை அத்தனை ஆழத்துல போட்டா அது எப்படி மேல வரும்? உள்ளேயே மக்கிப் போயிருமே."

நாச்சாயி எழுந்திருக்கவில்லை. குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தெரியுமுங்க சாமி. எங்க வீட்டுலயும் பூ போடுவமுங்க. ஆனா எல்லாத்துக்கும் ஒரே குழி, ஒரே ஆழம்னு சாமி தானுங்களே சட்டம் போட்டீங்க."

கண்காணி தலையைக் குனிந்துகொண்டார். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ராஜாவானாலும் மனிதன்தானே, சுருக்கென்று தைத்தால் கோபம்தான் முதலில் வரும்.

"விதை வேற, மனுசன் வேற," என்றார். "நானும் அதே குழியைத்தானே வெட்டினேன்? ஒரு பிடி மண்ணாவது குறைச்சு வெட்டினேனா?"

"இல்லீங்க. சாமி வெட்டினதைக் கண்ணால பாத்தனுங்க, கையெடுத்துக் கும்பிட்டனுங்க," என்றாள் நாச்சாயி. "குழி ஒண்ணுதானுங்க. எனக்கு அது ஆழமாப் போச்சு."

அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை. அழுதுவிட்டாள். அவள் அழுததைப் பார்த்துக் குழந்தையும் வீறிட்டது.

வேறு ராஜாவாக இருந்திருந்தால் அவளை அங்கேயே பிடித்துக் கட்டச் சொல்லியிருப்பார். செங்கோடன் அப்படிச் சொல்லவில்லை. மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் மூடிய மூன்றாவது குழியை விரல் நுனியால் கீறினார். அந்தப் பூ விதைகளை எடுத்துவிட வேண்டும் என்று தேடினார். கறுத்த மண், கறுத்த விதை. கிளறக் கிளற அவை மண்ணோடு கலந்துகொண்டே போயின. ஒன்று கையில் பட்டது. இன்னொன்று பட்டது. மற்றவை எங்கே போயின என்றே தெரியவில்லை.

ராஜா தேடிக்கொண்டே இருந்தார். வெயில் முதுகில் ஏறியது. மந்திரி குடை கொண்டுவரச் சொன்னார், ராஜா வேண்டாம் என்று கையசைத்தார். ஒரு சிட்டிகைப் பூ விதைக்காக இத்தனை பாடா என்று சேவகர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். ராஜா தேடியது விதையை மட்டும்தானா என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? இன்னும் கொஞ்ச நேரத்தில் தன் வாயால் மூன்று குடும்பங்களை இப்படித்தான் மண்ணுக்குள் அழுத்தியிருப்போம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் மறைக்கவும் இல்லை.

கடைசியில் எழுந்து கை மண்ணைத் தட்டினார்.

"அம்மணி, உன் வீடு உன்னுது. இவங்க வீடும் இவங்களுது. தப்பு என் கோல்ல இருந்திருக்கு. நான் இத்தனை நாளா மனுசனைப் பார்க்காம கோலையே பார்த்துட்டிருந்துட்டேன்," என்றார்.

நாச்சாயியின் குழந்தைக்குப் பசி. தோட்டத்துச் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். வீடு கைவிட்டுப் போகவில்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வடக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. வெட்டாத மூன்று குழிகளின் மண் ஏரிக்குள் நடு மேடாக நின்றது. அடைமழை பிடித்தால் அந்த மண் சரிந்து, மற்றவர்கள் வெட்டிய குழிகளையும் நிரப்பிவிடும். ராஜா நேரே ஏரிக்குப் போனார். நாச்சாயியின் குழியில் இறங்கி மண்ணை வெட்டத் தொடங்கினார்.

புங்க மரத்தடியில் படுத்திருந்த மல்லன் கண்ணைத் திறந்து பார்த்தான். பங்கு முடித்த ராஜா மறுபடி ஏன் வெட்டுகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. கண்காணியைக் கேட்டான். கண்காணி சொன்னார். மல்லன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, குயவர் குழியில் இறங்கினான். இத்தனை நாள் இந்தக் கைகளை வைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தோமே என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள்.

அப்போது அந்த மூன்று பேரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குப் போகும்படி ராஜா சொல்லிப் பார்த்தார். அவர்கள் போகவில்லை.

ஓதியப்பன் வெட்டுகிறவர்கள் குடிக்க ஆளுக்கொரு மண்கலயத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தார். கால்தான் சூம்பியதே தவிர, கலயம் வனைவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கரியண்ணன் கரையில் உட்கார்ந்து ஏற்றப் பாட்டை எடுத்துவிட்டார். அந்தத் தாளத்துக்கு மண்வெட்டிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. நாச்சாயி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கம்பங்கூழ் காய்ச்சினாள். குழந்தை மல்லனின் மனைவி மடியில் தூங்கிற்று.

கூழ் ஊற்றும்போது நாச்சாயி ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். மல்லனுக்கு மூன்று முறை ஊற்றினாள். கரியண்ணனுக்குப் பல் இல்லை என்று தண்ணீராகக் கரைத்து ஊற்றினாள். ராஜாவிடம் வந்தபோது, "சாமிக்கு எவ்வளவு வேணுமுங்க?" என்று கேட்டாள்.

செங்கோடனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. கலயத்தை இரண்டு கையாலும் நீட்டி, எனக்கு ரொம்பப் பசிக்கிறது என்று சின்னப் பிள்ளைபோலச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அன்று பொழுது சாயும் முன் மூன்று குழிகளும் முடிந்தன. மறுநாள் பிடித்த மழையில் ஏரி நிரம்பிக் கடல்போலக் கிடந்தது.

கேட்டவர்களே, இதைக் காதில் வாங்கினால் மட்டும் போதாது, வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்: எல்லார்மேலும் ஒரே அளவு பாரத்தை ஏற்றுவது நீதியாகாது, அவரவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று முகம் பார்த்துக் கேட்டு ஏற்றுவதே நீதி.