கோடு விழாத தெரு

"வரைபடம் முடிஞ்சிடுச்சு டீச்சர். மனசுதான் ஒப்பல," என்றாள் வடிவாம்பாள்.

நகராட்சியில் திட்டப் பிரிவு ஊழியர் அவள். வயது நாற்பத்தாறு. ஊரில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை வரப்போகிறது. எந்தத் தெருவில் போடலாம் என்று கம்ப்யூட்டரில் வரைந்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

அந்த வேலையைக் கற்றுத்தந்த செலின் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். இருந்தாலும் வடிவாம்பாளுக்கு அவள் டீச்சர்தான்.

"எந்த இடம் ஒப்பல?"

வடிவாம்பாள் திரையின் தெற்கு மூலையைத் தொட்டாள். சைக்கிள் அதிகம் போகிற தெருக்களில் கோடு தடித்திருந்தது. அங்கே கோடே இல்லை.

"உப்பளத் தெரு. நான் குடியிருக்கிற தெரு. மூணு மாசமா எண்ணிப் பார்த்தாச்சு, ஒரு சைக்கிள்கூட இல்ல. தேவையில்லாத இடத்துக்கு எப்படிப் பாதை கேக்கிறது?"

செலின் எழுந்தாள். வெளியே போனாள். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரே நிறுத்தினாள்.

"ஏறுங்கக்கா."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஆசைப்பட்டதே இல்லையா?"

வடிவாம்பாள் ஹேண்டில்பாரின் மேல் கை வைத்தாள். கையை எடுக்க மனம் வரவில்லை.

பதின்மூன்று வயதில் கேட்டாள். லாரி ஓடுகிற ரோடு, வேண்டாம் என்றார் அப்பா. கல்யாணமான பிறகு கேட்டாள். கணவரும் அதையேதான் சொன்னார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது கடற்காற்று முதுகில் பட்டால், இன்றும் அவள் கால் தன்னால் வேகம் பிடிக்கும்.

"இப்பவும் ஆசைதான் டீச்சர்," என்றாள் மெதுவாக.

"உங்க தெருவுல வேற யாருக்கு இருக்கு?"

வடிவாம்பாளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் யாரையும் அவள் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். உப்பள வேலை முடிந்து வந்த மாரிக்கனி, வெடித்த பாதங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"லாரிக்குப் பயப்படாம சைக்கிள்ல போறதுக்கு ஒரு பாதை இருந்தா, நீ எங்க போவ?"

மாரிக்கனி யோசிக்கவே இல்லை.

"கலங்கரை விளக்கத்துப் பக்கம் என் தங்கச்சி இருக்காக்கா. நடந்து போய்த் திரும்ப முடியல, பாத்து ஏழு மாசமாச்சு. வேலை விட்டதும் மிதிச்சா, இருட்டுறதுக்குள்ள அவ முகத்தைப் பாத்துட்டு வந்துருவேன்."