லாயத்துக்குள் போன மகாராஜா

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்றங்கரை நாட்டைக் கடம்பராசன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வான், அவ்வளவுதான் குறை. குதிரை என்றால் அவனுக்கு உயிர். கப்பலில் வந்த குதிரைகளுக்குக் கருங்கல்லில் லாயம் கட்டினான். வெயில் படக்கூடாதாம், அதனால் ஜன்னலே கிடையாது. தினமும் நெய் வழியச் சர்க்கரைப்பொங்கல். வீரம் வரட்டும் என்று வாசலில் ஓயாத முரசு, வாயில் முள்வைத்த கடிவாளம், ஒன்றோடொன்று சேராமல் தனித்தனி அறை. இத்தனை அன்பையும் வாங்கிக்கொண்டு அந்தக் குதிரைகள் கண்டவரையெல்லாம் கடித்தன.

ஒரு திருவிழா ஊர்வலத்தில் வெண்சாமரம் என்ற வெள்ளைக் குதிரை, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ராஜாவைத் தூக்கி ஒரு பூக்காரியின் கூடையில் போட்டது. முடியில் சாமந்தி தொங்க எழுந்து வந்த ராஜா, சுழி பார்க்கும் கோனேரிராயரைக் கூப்பிட்டான். குதிரையின் ரோமச் சுழிகளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது ராயரின் வேலை. மந்திரி சேந்தனாரின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"பிரபு, கண்ணுக்குக் கீழே சுழி! எஜமானனையே கவிழ்க்கும் சுழி. உடனே இதன் தலையை வாங்கிவிடுங்கள். மந்திரியார் இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்" என்றார் ராயர்.

"வெட்டுங்கள்!" என்றான் ராஜா.

சேந்தனார் முன்னால் வந்து நின்றார். அந்தக் குதிரை கப்பலிலிருந்து இறங்கிய அன்று அவர் தோளில் முகத்தை வைத்துத் தூங்கியதை அவர் மறக்கவில்லை.

"மகாராஜா, அடுத்த பௌர்ணமி வரை உயிரோடு விடுங்கள். இதே கப்பலில் வந்த, இதே தாய் வயிற்றில் பிறந்த பட்டத்தரசு என்ற குதிரை இன்னும் துறைமுகத்துப் புல்வெளியில்தான் மேய்கிறது. அதன் சுழி எப்படி ராயரே?"

"ஆகா, நெற்றியில் ராஜசுழி! குழந்தைகூட ஏறலாம்."

"அப்படியானால் அதை உங்கள் பொறுப்பில் அரண்மனை லாயத்தில் கட்டுங்கள். இதை நான் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறேன். பௌர்ணமியன்று மகாராஜா இரண்டிலும் ஏறிப் பார்க்கட்டும். நான் தோற்றால் என் முத்திரை மோதிரம் ராயருக்கு."

ராஜா அதற்கும் சரி என்றான். ராயர் அன்றைக்கே விரலை அளந்துபார்த்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் சேந்தனார் மந்திரம் எதுவும் போடவில்லை. பொங்கலை நிறுத்திப் புல்லும் கொஞ்சம் கொள்ளும் வைத்தார். முள்ளை எடுத்துவிட்டு வழவழப்பான கடிவாளம் மாட்டினார். கூடவே மேய இரண்டு வயதான குதிரைகளை விட்டார். சொன்னபடி நின்றால் உடனே கயிற்றைத் தளர்த்திக் கழுத்தைத் தடவினார். கொஞ்ச நாளில் வெண்சாமரம் அவர் குரல் கேட்டாலே ஓடிவந்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே லாயத்திலோ ராயர் பட்டத்தரசுக்கு ராஜ உபசாரம் எதிலும் குறை வைக்கவில்லை. சொல்லப்போனால் நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார்.

பௌர்ணமி வந்தது. இரண்டு குதிரைகளையும் கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் தெரிய, தலையோடு கால் பட்டுப் போர்த்தி நிறுத்தியிருந்தார் சேந்தனார்.

"இது என்ன வேஷம்?" என்றான் ராஜா.

"சுழியைப் பார்த்தால் மனசு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும் மகாராஜா. முதலில் ஏறிப் பாருங்கள்."

முதல் குதிரை ராஜாவைப் பூப்போல மைதானம் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டாவது, கிட்டே போனதுமே பின்னங்காலைத் தூக்கி, ராஜாவின் உத்தரீயத்தைக் கடித்துக் கிழித்தது.

ராயர் குதித்தார். "பார்த்தீர்களா! போர்த்தினால் சுழி போய்விடுமா? இரண்டாவதுதான் அந்தச் சண்டாளக் குதிரை! சுழி பேசுகிறது பிரபு!"

சேந்தனார் போர்வையை விலக்கினார். கடித்த குதிரையின் நெற்றியில் ராஜசுழி பளிச்சென்று தெரிந்தது. அவர் அதன் காதருகே குனிந்து, "உன்னை அந்த இருட்டில் விட்டதற்கு மன்னித்துக்கொள்" என்றார்.

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் குற்றம் என் லாயத்தில் என்கிறீரா? நான் ஊட்டி வளர்த்ததில் என்கிறீரா?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை மகாராஜா. இரண்டு குதிரைகளும் சொல்லிவிட்டன."

"பொய்! அந்த லாயம் சொர்க்கம். நானே இருந்து காட்டுகிறேன்!" என்று மறுநாள் விடிந்ததும் ராஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னான். இருட்டு. வெளியே முரசு. பேச ஆள் இல்லை. தட்டில் பொங்கல், மறுபடி பொங்கல். உச்சிப்பொழுதுக்கு முன்பே கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தவன், முரசடித்தவனை அறையப் போனான், குடைபிடித்தவனைத் தள்ளினான், வைத்தியர் நாடி பார்க்கக் கை நீட்டியபோது கடித்தே விட்டான்.

கடித்த பிறகுதான் தன் காரியம் அவனுக்கு உறைத்தது. கிரீடத்தைக் கழற்றிவிட்டு ராயர் முன்னால் தலையைக் குனிந்தான்.

"ராயரே, என் தலையில் என்ன சுழி? பார்த்துச் சொல்லும். தலையை வாங்கிவிடலாமா?"

ராயர் ராஜாவின் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நல்ல சுழி என்றால் சாத்திரம் போயிற்று, கெட்ட சுழி என்றால் கழுத்து போயிற்று.

ராஜாவே முதலில் சிரித்தான். பிறகு சபையே சிரித்தது. "அந்தக் குதிரை என்னைக் கூடையில் போட்டதோடு விட்டதே, எத்தனை பொறுமை அதற்கு!" என்று சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அன்று மாலையே லாயத்துச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார்கள். இடிக்கும் கடப்பாரைகளில் முதல் கடப்பாரை கோனேரிராயர் கையில். குதிரைகள் ஆற்றங்கரையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மேய்ந்தன.