சாம்பிளில் இருந்த மூஞ்சி

ஊசிக்கரட்டூர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அதில் குறையே சொல்ல முடியாது. "கதவைச் சாத்திட்டு உள்ள வா" என்று யாரோ சொல்ல, கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவுக்கு வெளியே நின்று, இனி எப்படி உள்ளே போவது என்று மத்தியானம் வரைக்கும் யோசித்தவர்கள் அந்த ஊரில் உண்டு.

அந்த ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் கார்களுக்கு சன் வைசர் செய்தார்கள். காரின் முன்சீட்டுக்கு மேலே இருக்குமே, வெயில் கண்ணில் அடித்தால் கீழே இழுத்து விட்டுக்கொள்கிற பலகை, அதுதான். அட்டையை அழுத்தி, பஞ்சு வைத்து, ரெக்ஸின் போர்த்தி, ஓரத்தைச் சூடு காட்டி ஒட்டினால் வைசர் ரெடி. அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதிக்க வேண்டும். ரசம் பூசிய கண்ணாடித் தகட்டை வாங்கி வந்து, வெட்டி, ஓரம் தேய்த்து, உடைந்தாலும் சிதறாமல் இருக்கப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, சட்டத்தில் அமுக்கிவிட்டால் முடிந்தது. இதில் முட்டாள்தனம் பண்ண இடமே இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். இடம் தேடினால் கிடைக்காமலா போகும்?

கண்ணாடி வெட்டுவது நல்லப்பன். ஒட்டுவது காளியண்ணன். பசை வாளி தூக்குவது செங்கோடனின் வேலையாக இருந்தது. போன மாதம் முதலாளி குப்பண்ணன் அவனைக் கூப்பிட்டு, ஒரு நாற்காலியும் 'சரி' என்று ஒரு ரப்பர் முத்திரையும் கொடுத்து இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டார். திறமையைப் பார்த்து அல்ல. மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள்.

செங்கோடனுக்கு அத்தை மகள் கோகிலவாணியைப் பேசி முடித்திருந்தார்கள். கோகிலா பி.ஏ. முடித்துவிட்டு அப்பாவின் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியை ஓட்டுகிறவள். ஒரு நாளைக்கு நாலு பேரையாவது வாதத்தில் மடக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "பசை வாளி தூக்கறவனுக்கா பொண்ணு?" என்று கேட்ட சித்தப்பன்மார்களை ஒண்டியாளாக நின்று மடக்கி, "இன்ஸ்பெக்டருக்குத்தான் சித்தப்பா" என்று சொல்லி, கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சடிக்க வைத்துவிட்டாள். பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தும் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் குப்பண்ணன் வாயைத் திறந்தார். "இங்க பாரு செங்கோடா, இந்த லோடு கம்பெனியிலிருந்து திரும்பி வந்துச்சுன்னா, நாற்காலி எனக்கு, வாளி உனக்கு."

செங்கோடனுக்குத் தூக்கம் போயிற்று. இன்ஸ்பெக்டர் என்று அச்சடித்த மாப்பிள்ளை, வாளியோடு மணவறையில் உட்காருவதா?

சாம்பிளைப் பார்க்கக் கார் கம்பெனியிலிருந்து மேனேஜர் பார்த்திபன் வந்தார். ஆள் வருவதற்கு முன்னால் மீசை வந்தது. அப்படி ஒரு மீசை. வைசரைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"பிரமாதம்! நான் எதைப் பார்த்து ஓகே சொன்னேனோ, ஒவ்வொண்ணும் அச்சு அசலா அதே மாதிரி இருக்கணும். ஒரு முடி வித்தியாசம் இருந்தாலும் மொத்த லோடும் ரிட்டர்ன்."

செங்கோடன் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கண்ணாடி நிறைய மேனேஜர் இருந்தார். அதைக் கண்ணுக்குள் நன்றாகப் பதித்துக்கொண்டான். அவர் போனதும் சாம்பிளைத் துண்டில் சுற்றி, "காத்துப் பட்டா மேனேஜர் வெளுத்துருவாரு" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

முதல் வைசர் தயாராகி வந்தது. செங்கோடன் முத்திரையை மையில் தோய்த்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். முத்திரை கையிலேயே நின்றது.

"நல்லப்பண்ணா, இதுல மேனேஜர் இல்லீங்களே!"

"யாரு இருக்கறாங்க?"

"யாரோ ஒரு இளிச்சவாயன். மீசையே இல்ல. நம்ம பக்கத்து ஆளு மாதிரிதான் தெரியுது."

நல்லப்பன் வாங்கிப் பார்த்தார். "இளிச்சவாயன் எங்க இருக்கான்? இதுல வழுக்கைத் தலையில்ல இருக்குது! கையில குடுக்கறதுக்குள்ள மாறிப்போச்சே. தகடு கெட்ட தகடுப்பா."

காளியண்ணன் பார்த்தார். "வழுக்கையுமில்ல, ஒண்ணுமில்ல. பல்லு நீட்டிக்கிட்டு ஒருத்தன். கண்றாவி."

ஒரே கண்ணாடியில் மூன்று கோளாறு. தகட்டைக் கழுவினார்கள். மறுபடி வெட்டினார்கள். பசையைக் குறைத்துப் பார்த்தார்கள். பசையைக் கூட்டினால் பல் கொஞ்சம் உள்ளே போகுமா என்றும் பார்த்தார்கள். போகவில்லை.

காளியண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏப்பா, என்ற வீட்டுக் கண்ணாடியில நான் பார்த்தா நான் தெரியறேன், என்ற சம்சாரம் பார்த்தா அவ தெரியறா. கண்ணாடின்னாலே அப்படித்தானோ?"

"அது வீட்டுக் கண்ணாடிங்க" என்றான் செங்கோடன். "அதை யாரும் ஓகே பண்ணலை. அதனால அது இஷ்டத்துக்கு ஆடுது. இது கம்பெனிக் கண்ணாடி."

"சரி, மேனேஜர் மூஞ்சி காருக்குள்ள எதுக்கு?" என்றார் காளியண்ணன்.

நல்லப்பன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். "முதல்ல நான் சூரியனுக்குன்னு நெனச்சேன். சூரியன் தன்ற மூஞ்சியத் தானே பார்த்தா, கண்ணு கூசி அந்தப் பக்கம் திரும்பிக்குமில்ல?"

"ஆனா கண்ணாடி நம்ம பக்கமில்ல இருக்குது?"

"அதான் இடிக்குது."

"நான் சொல்றேங்க" என்றான் செங்கோடன். "காருக்குள்ள வாழப்பழத் தோலைப் போடறது, சீட்டு மேல காலை வெக்கறது, இதெல்லாம் நடக்குதா இல்லையா? மேனேஜர் மேலயிருந்து முறைச்சுக்கிட்டே இருந்தா எவன் பண்ணுவான்?"

இரண்டு பேரும் அவனைப் பிரமிப்பாகப் பார்த்தார்கள். நாற்காலி சும்மா கிடைக்குமா?

ஒப்பிட்டுப் பார்க்க சாம்பிளை வெளியே எடுப்பது என்று முடிவாயிற்று. செங்கோடன் துண்டை விலக்கினான். முகம் வெளிறிப்போய், அவசரமாக மூடினான். உள்ளே மேனேஜர் இல்லை. அவன் இருந்தான்.

"என்னாச்சு?" என்று நல்லப்பன் வாங்கி விலக்கினார். அவரும் மூடினார். காளியண்ணனும் பார்த்தார். துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

கடைசியில் காளியண்ணன்தான் அழுகிற குரலில் ஆரம்பித்தார். "நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேம்ப்பா. அலமாரியப் பூட்டறதுக்கு முன்னாடி, பல்லுல கீரை மாட்டியிருக்குதான்னு. அதுக்குள்ள நான் உள்ள போய் ஒட்டிக்குவேன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க எங்க ஒட்டினீங்க? உள்ள இருக்கறது நான்" என்றார் நல்லப்பன்.

"ரெண்டு பேரும் இல்லீங்க, நானு!"

அடிதடியாகும் போலிருந்தது. நியாயமாகத் தீர்க்கலாம் என்று மூன்று தலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேரும் இருந்தார்கள், நெருக்கியடித்துக்கொண்டு.

"போச்சு" என்றான் செங்கோடன். "மூணு பேருமாச் சேர்ந்து மேனேஜரை வெளிய தள்ளிட்டோம்."

இந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குட்டியானை வந்து நின்றது. லோடு ஏற்ற வந்த கோகிலா, மூன்று பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு துக்க வீடு போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். இடுப்பில் கை வைத்தாள்.

"மாமா, கண்ணாடிக்கு முன்னாடி யாரு நிக்கறாங்களோ அவங்கதான் தெரிவாங்க. எதிர்ல குரங்கு நின்னா குரங்கு தெரியும்."

"அப்படின்னா காரை வாங்கறவன் பார்த்தா, வாங்கறவன்தான் தெரிவானா?" என்றான் செங்கோடன்.

"ஆமாங்க!"

"அப்ப சாம்பிள் மாதிரி இல்லைன்னு நீயே ஒத்துக்கறயே!"

கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வைசர்களைப் பார்த்தாள். ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் கண்ணாடி இருந்தது, மற்றதில் இல்லை.

"இதென்ன, ஒண்ணுல மட்டும்?"

"அது இடப்பக்கத்துது. ஓட்டறவருக்குப் பக்கத்துல உக்கார்றவங்களுக்கு" என்றார் நல்லப்பன். "அங்க பொம்பளைங்கதான் உக்காருவாங்க. பொட்டு, பூவெல்லாம் சரி பண்ணோணுமில்ல?"

அவ்வளவுதான். அன்றைக்குக் கோகிலாவுக்கு வாதத்தில் மடக்க வேறு ஆள் தேட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"ஏனுங்ணா, அப்ப ஓட்டற பக்கம் பொம்பளை உக்கார மாட்டாளா? நான் தினமும் இந்த வண்டிய எங்க உக்காந்து ஓட்டறேன், டயர் மேலயா? ஓட்டறவளுக்கு மூஞ்சி கிடையாதா? ஆம்பளை பக்கத்துல உக்காந்தா அவனுக்கு மூஞ்சி கிடையாதா? பொம்பளைக்குன்னு ஒரு கண்ணாடி வெச்சீங்களே, அதை எந்தப் பொம்பளைகிட்டக் காட்டி ஓகே வாங்கினீங்க? மீசை வெச்ச ஆம்பளை பார்த்து ஓகே பண்ணியிருக்கார். பொம்பளை பார்க்கற கண்ணாடிக்கு மீசை எதுக்குங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கேட்ட அத்தனையிலும் அவர்கள் காதில் விழுந்தது ஒன்றுதான். செங்கோடன் துள்ளி எழுந்தான்.

"மீசை! கோகிலா, நீ தெய்வம்! மூக்கு, கண்ணு எல்லாருக்கும் இருக்குது. குறையறது மீசை மட்டுந்தான்!"

மிச்சமிருந்த கறுப்பு ரெக்ஸினை எடுத்தார்கள். நல்லப்பன் முறுக்கு மீசையாக வெட்டினார். காளியண்ணன் ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கு வரும் இடத்துக்குக் கீழே ஒட்டினார். உயரமானவர் பார்த்தால் அது தாடியாகத் தெரிந்தது, குள்ளமானவர் பார்த்தால் புருவமாகத் தெரிந்தது. நடுத்தரமான ஆளுக்குக் கச்சிதம். செங்கோடன் ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்பீரமாக முறைத்து, 'சரி' குத்தினான். சாம்பிளில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அது சாம்பிளாயிற்றே.

"கோகிலாவுக்கும் ஒண்ணு" என்று அவள் வண்டியில் ஓட்டுகிற பக்கத்து வைசரில் ஒரு கண்ணாடியைப் பிரியமாகப் பொருத்திக் கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். முறுக்கு மீசையோடு கோகிலவாணி அவளையே முறைத்தாள்.

"ஓ! மீசை வெச்சாத்தான் எங்களுக்கு இந்தப் பக்கம் கண்ணாடி தருவீங்களாக்கும்?"

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் சித்தப்பன்மார்களின் முகம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, லோடையும் சாம்பிளையும் செங்கோடனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வழி நெடுக அவள் பேசினாள். அவன் "ஆமாங்" என்றான்.

கம்பெனியில் ஒரு மொட்டைத் தலை மனிதர் வெளியே வந்தார். மீசையும் இல்லை. "வாங்க, லோடு வந்தாச்சா?" என்றார்.

"மேனேஜரைப் பார்க்கோணுங்க" என்றான் செங்கோடன்.

"நான்தான்யா பார்த்திபன்."

செங்கோடன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "மன்னிக்கோணும். நீங்க ஓகே ஆன ஆளு இல்லீங்."

"என்னய்யா நீ! பழனியில மொட்டை போட்டேன். தலையோட சேர்த்து இதையும் எடுத்துட்டாங்க." மீசை இருந்த இடத்தைத் தடவினார். "காலேஜ்ல இருந்து வளர்த்த மீசைய்யா. வாட்ச்மேனே என்னை உள்ள விடலை. வீட்டு நாய் குரைக்குது."

"மாமா, அவரேதான். குரலைக் கேளுங்க" என்று கோகிலா அவன் காதில் கிசுகிசுத்தாள்.

"குரலுக்கு சாம்பிள் வாங்கலையே" என்றான் செங்கோடன். இருந்தாலும் ஒரு வைசரை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

மேனேஜர் பார்த்தார். நடுத்தர உயரம். மூக்குக்குக் கீழே, முறுக்கிக்கொண்டு, கறுகறுவென்று, அது இருந்தது.

"இப்பத்தாங்க சரி" என்றான் செங்கோடன், திருப்தியாக. "வணக்கமுங்க, மேனேஜர் சார்."

மேனேஜர் அதைப் பிடுங்கிக்கொண்டார். இன்னொரு வைசரை எடுத்தார். அதிலும் இருந்தது. இன்னொன்று. அதிலும். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "பாஸ்! ஒண்ணு விடாம எல்லாம் பாஸ்!" என்று கதறினார். துண்டில் சுற்றியிருந்த சாம்பிளை விரித்துப் பார்த்து, "இது ஒண்ணுதான்யா சரியில்லை" என்று ஓரமாக வைத்தார்.

கோகிலா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். பத்திரிகை பிழைத்தது.

அப்போதுதான் செங்கோடன் மேனேஜர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சார், நிறுத்துங்க. லீக் ஆகுதுங்க."

"என்னது?"

"மூக்குக்கு மேல ரெண்டு எடத்துல தண்ணி இறங்குது. இதுலயும் இறங்குது. இந்தா, இதுலயும்."

"யோவ், அது என் கண்ணீர்யா!"

"யாரோடதா இருந்தா என்னங்க? சாம்பிள்ல தண்ணி இல்லீங்களே."

"நான்தான் பாஸ் பண்ணிட்டேனேய்யா!"

"நீங்க பண்ணலாமுங்க. இன்ஸ்பெக்டர் நானுங்களே" என்று சொல்லிவிட்டு, செங்கோடன் அத்தனை வைசரையும் திரும்ப வண்டியில் ஏற்றினான். மேனேஜர் வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தார்.

கொட்டகை வாசலில் லோடைப் பார்த்ததும் குப்பண்ணன் பசை வாளியைக் கையில் எடுத்துவிட்டார். கோகிலா வண்டியிலிருந்து குதித்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க முதலாளி? கம்பெனியிலிருந்து திரும்பி வந்தாத்தானே வாளி? கம்பெனி திருப்பி அனுப்புச்சா? அவங்க குடுங்க குடுங்கன்னு கெஞ்சினாங்க. நாங்கதான் தர மாட்டேன்னு கூட்டிக்கிட்டு வந்துட்டோம். அப்ப இது திரும்பி வந்த லோடா, கூட்டிக்கிட்டு வந்த லோடா?"

குப்பண்ணனும் ஊசிக்கரட்டூர்க்காரர்தானே. சாயங்காலம் வரை யோசித்துவிட்டு, நியாயம்தான் என்று வாளியைக் கீழே வைத்தார். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது.

லோடு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. ஈரம் காய வேண்டுமென்று வாசலில் கொடி கட்டி வைசர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெயில் பட்டால் ரெக்ஸின் வெளுத்துவிடும் என்று நல்லப்பனும் காளியண்ணனும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேனேஜர் லீவு போட்டுவிட்டுத் தினமும் வந்து, ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்து அழுகிறார். அவர் போனதும் செங்கோடன் அத்தனையையும் இறக்கித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து காயப் போடுகிறான்.