பல் டாக்டர் ஜோக்

"சாமி, நாப்பத்து மூணு வருஷ சிநேகிதத்தை எப்படி முறிச்சுக்கிறது?"

கேட்டவர் தெய்வசிகாமணி. வயது எழுபத்தொன்று. சினிமாவுக்கு நகைச்சுவைக் காட்சிகள் எழுதி ஊரையே சிரிக்க வைத்தவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கத்தான் தோன்றும்.

சாமியார் அவரைவிட இருபது வயது சின்னவர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஓட்டுவீடு, அதுதான் மடம். மடியில் முருங்கைக்கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு அந்த சிநேகிதர்?"

"அருளப்பன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதுவோம். வாராவாரம் வியாழக்கிழமை உட்காருவோம். நான் படிப்பேன், அவன் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்பான். அவன் சிரிச்சா வச்சுக்குவோம். சிரிக்கலேன்னா கிழிச்சுடுவோம். அவன் படிச்சா நான் கேட்பேன்."

"இப்ப என்ன ஆச்சு?"

"மூணு வருஷமா அவன் சிரிக்கவே இல்லை, சாமி. வர்றவன் போறவனெல்லாம் என் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறான். மருமகன் சிரிக்கிறான். டைரக்டர் பசங்க 'சூப்பர் சார்'ங்கிறானுங்க."

"படத்துல வைக்கிறாங்களா?"

"அது... வைக்கிறதில்லை."

சாமியார் ஒரு கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"இவன் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான். ரெண்டு வியாழனா நான் போகலை. அலுத்துப் போச்சு. இனிமே வரலைன்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்."



"ஒரு ஜோக் சொல்லுங்க, ஐயா."

தெய்வசிகாமணி வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார்.

"டாக்டர் ஒருத்தனுக்குப் பல்லைப் பிடுங்கிட்டு, 'வலிச்சுதா?'ன்னு கேட்டார். 'இல்ல டாக்டர். வலிக்கிறது பக்கத்துப் பல்லு'ன்னான்."

சாமியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். மடியிலிருந்த கீரை சிதறியது.

தெய்வசிகாமணிக்கு உச்சி குளிர்ந்தது. இன்னொன்று சொன்னார். அதற்கும் சிரிப்பு. மூன்றாவதில் நாக்குக் குழறிப் பாதியை விழுங்கிவிட்டார். அதற்கும் சாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எங்கோ உறுத்தியது. தொழில் புத்தி, சும்மா இருக்குமா? முதல் ஜோக்கையே தலைகீழாகச் சொல்லிப் பார்த்தார்.

"பக்கத்துப் பல்லுதான் வலிக்குதுன்னு ஒருத்தன் சொன்னான். அதுக்கு முன்னாடியே டாக்டர் வேற பல்லைப் பிடுங்கிட்டார்."

சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஜோக்கே இல்லை, சாமி!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படின்னா... அருளப்பன் இதுக்குச் சிரிக்கமாட்டான்."

சாமியார் சிரிப்பை நிறுத்தினார். சிதறிய கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார்.

 தெய்வசிகாமணி எழுந்து வெளியே போனார். சிக்னல் கிடைக்காமல், முட்டி வலியோடு ஒரு பாறைமேல் ஏறி நின்று போன் போட்டார்.

"நான்தான்டா. ஒண்ணு கேளு."

"ம்."

இரண்டு வாரமாக எங்கே போனாய் என்று அருளப்பன் கேட்கவில்லை. கண்ணை மூடியிருப்பான் என்பது மட்டும் இவருக்குத் தெரியும்.

பல் டாக்டர் ஜோக்கைச் சொன்னார்.

அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க தெய்வசிகாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"'இல்ல டாக்டர்'ல அந்த டாக்டரை எடுத்துடு," என்றார் அருளப்பன். "கடைசி வரிக்கு வழியை மறைச்சுக்கிட்டு நிக்கிறான். வியாழக்கிழமை நேர்ல வந்து படி."