மூங்கில் சருகு வந்த வழி

நாரைக் கண்மாயை ஒட்டிய முள்காட்டில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு கரடியும் ஒரு முயலும் பக்கத்துப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்துவந்தன.

அது மழை குறைந்த சீமை. அங்கே மழை வரட்டும் என்று காத்திருந்து விதைக்க முடியாது. ஆவணியிலேயே காய்ந்த புழுதியைக் கிளறி, குதிரைவாலி விதையைத் தூவி மூடிவிட வேண்டும். முதல் மழை விதையை முளைக்க வைக்கும். பிறகு மலையில் பெய்யும் மழை வாய்க்கால் வழியாக வந்து கண்மாயை நிரப்பும். அந்தத் தண்ணீர்தான் பயிரைக் கதிர்வரை கொண்டுபோகும்.

சில வருடங்களாக மழை பொய்த்துப்போயிருந்தது. கண்மாயின் பெயரில் மட்டும்தான் நாரை இருந்தது. இந்த வருடம் மூன்று பேரும் பானையின் அடியில் மிச்சமிருந்த விதையை வழித்தெடுத்து விதைத்திருந்தார்கள். இது கருகினால் அடுத்த முறை விதைக்க ஒரு மணி கூடக் கிடையாது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காடு தேடிப் போகவேண்டியதுதான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. பயிர் முளைத்தது. மலைப்பக்கமும் இடி கேட்டது. மறுநாள் காலையில் மூவரும் கண்மாய்க்கு ஓடினார்கள்.

கண்மாய் காலியாகக் கிடந்தது! நடுவில் இருந்த பள்ளத்தில் மட்டும் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

"மலையில மழையே பெய்யலையா?" என்று கேட்டது முயல்.

கரையோரப் பனைமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த மயில் கழுத்தை நீட்டியது. "பெய்யலையா? நான் என் கண்ணால பார்த்தேன்! மலை முழுக்கக் கறுத்துக் கிடந்துச்சு. அப்படி ஒரு மழை!"

"அப்போ அந்தத் தண்ணி எங்கே?" என்று உறுமியது கரடி.

"எங்கே போகும்? யாரோ திருடிட்டாங்க!" என்றது மயில்.

கரடி முயலைப் பார்த்தது. முயல் முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி யாரையும் பார்க்கவில்லை. அதற்குப் பயம் வந்தால் முட்கள் தாமாகவே கலகலவென்று ஆடும். இப்போதும் ஆடின.

"மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துங்க!" என்றது மயில். "நான் மேல இருந்து காவல் பார்க்கிறேன். காலையிலயும் உச்சிப் பொழுதுலயும் பேர் கூப்பிடுவேன். கரையில இருக்கிற ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணி. இல்லாத ஆளுக்குக் கிடையாது!"

"உனக்கு?"

"காவல்காரனுக்கு ரெண்டு சிரட்டை. கத்திக் கத்தித் தொண்டை காயும்ல?"

அன்றிலிருந்து மூவரும் கரையிலேயே குடியிருந்தார்கள். களை எடுக்கக்கூடப் போகவில்லை. ஒருவர் கண் அசந்தால் மற்ற இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முயல் தண்ணீரின் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்தது. மறுநாள் தண்ணீர் கல்லை விட்டு உள்ளே போயிருந்தது!

"யார் குடிச்சது?" என்று கத்தியது முயல்.

"உன் காது நனைஞ்சிருக்கே!" என்றது கரடி.

"இது வியர்வை அண்ணே!"

"முயலுக்கு எங்கேடா வியர்க்கும்?"

இப்படியே நாட்கள் போயின. தண்ணீர் வற்ற வற்ற முயல் கல்லை உள்ளே நகர்த்திக்கொண்டே இருந்தது. சண்டை வளர்ந்துகொண்டே இருந்தது. சிரட்டையில் கிடைத்த தண்ணீரைக் கொண்டுபோய்ப் பயிருக்கு ஊற்றினால், புழுதி அதை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். குதிரைவாலியின் நுனிகள் மஞ்சளாகத் தொடங்கின.

ஒரு நாள் காலைச் சிரட்டையை வாங்கியதும் முள்ளம்பன்றி குட்டிகளைப் பார்க்க வளைக்குப் போனது. அதன் வளை வாய்க்காலின் கரையில் இருந்தது. அங்கே மண் பதமாக இருந்ததால் தோண்டுவது சுலபமாக இருந்தது. தோண்டிய மண்ணை வாய்க்காலுக்குள்ளேயே தள்ளியிருந்தது. தண்ணீர் வராத வாய்க்கால்தானே என்ற நினைப்பு. அந்த மண் இப்போது ஒரு மேடாகி நின்றது.

இரண்டு குட்டிகளும் மேட்டின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. "அம்மா, இது என்ன இலை? நீளமா, கத்தி மாதிரி இருக்கு!"

முள்ளம்பன்றி அதை வாங்கி முகர்ந்து பார்த்தது. மூங்கில் சருகு.

இந்தக் காட்டில் கருவேலம் உண்டு, உடைமரம் உண்டு. மூங்கில் கிடையாது. மூங்கில் மலையில்தான் உண்டு.

அது மேட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது. மலையைப் பார்த்த பக்கத்தில் மூங்கில் சருகு மெத்தை மாதிரி ஒட்டிக் கிடந்தது. கிளறினால் அடியில் இன்னும் ஈரம். மேட்டின் ஓரத்தில் கரை புதிதாக அறுபட்டிருந்தது. அதன் வழியே ஒரு தடம், யாருக்கும் பயனில்லாத உப்புப் பொட்டலை நோக்கிப் போயிருந்தது.

முள்ளம்பன்றிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலைத் தண்ணீர் இதுவரை வந்திருக்கிறது. வாசலில் மேட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அதன் முட்கள் கலகலவென்று ஆடத் தொடங்கின. ஓடிப்போய்ச் சொல்லலாமா? சொன்னால், 'அப்போ திருடி நீதானா?' என்று கேட்பார்கள். விசாரிப்பதிலேயே பொழுது போய்விடும். மலையின் மேல் மறுபடியும் மேகம் கூடிக்கொண்டிருந்தது. கரைக்குத் திரும்பாவிட்டால் உச்சிச் சிரட்டை போய்விடும். பயிர் இன்னும் எத்தனை வேளை தாங்கும் என்று அதற்கே தெரியவில்லை.

அது ஒரு முறை வயலைப் பார்த்தது. ஒரு முறை மலையைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து மேட்டைத் தோண்டத் தொடங்கியது.

உச்சிப் பொழுதில் மயில் பேர் கூப்பிட்டது. "கரடி!"

"இருக்கேன்."

"முயல்!"

"இருக்கேன், இருக்கேன்!"

"முள்ளம்பன்றி!"

பதில் இல்லை. மயில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. "அய்யோ! அது வீட்டுப் பக்கம் மண் பறக்குது! திருடின தண்ணியைப் புதைக்குது! பிடிங்க!"

கரடியும் முயலும் எழுந்து ஓடினார்கள். வாய்க்காலுக்குள் இறங்கிப் போவதுதான் குறுக்குவழி. கொஞ்ச தூரம் போனதும் கரடி சட்டென்று நின்றது. வாய்க்காலின் குறுக்கே ஒரு வரப்பு. அதற்குப் பின்னால் பச்சைப் பசேல் என்று கொடி.

"பார்த்து வா! என் வள்ளிக்கிழங்கு! கொடியை மிதிச்சே, காதைப் பிடிச்சுத் தூக்கிருவேன்!"

"வாய்க்காலுக்குள்ளயா அண்ணே கிழங்கு போட்டீங்க?"

"சும்மா கிடந்த இடம்தானேடா. பேசாம வா."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் கரடி "ஆ!" என்று அலறியது. வாய்க்காலின் குறுக்கே ஆளுயரத்துக்கு உடைமுள் அடைத்திருந்தது. அதில் மண்ணும் குப்பையும் சேர்ந்து சுவர் மாதிரி இறுகிப்போயிருந்தது. கரடியின் முடி முழுக்க முள்ளில் மாட்டிக்கொண்டது.

"எவன்டா இங்கே முள்ளை அடைச்சது?"

முயல் காதை மடக்கிக்கொண்டது. "நான்தான் அண்ணே."

"எதுக்குடா?"

"என் நிலத்துல போட்ட கடலைக்கு நீங்க வந்திடக் கூடாதுன்னுதான்!"

முடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த கரடிக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. நேரே முள்ளம்பன்றியின் முன்னால் போய் நின்றது. "எங்கே வச்சிருக்கே தண்ணியை?"

முள்ளம்பன்றியின் முட்கள் கலகலவென்று ஆடின. அது மேட்டைக் காட்டி, "தோண்டிப் பாருங்க அண்ணே," என்றது.

"பார்க்கத்தான் போறேன்!"

கரடி தோண்டியது. சாதாரணமாகவா தோண்டியது! முன்னங்கால்கள் இரண்டாலும் மண்ணை வாரி வாரி வெளியே எறிந்தது. முள்ளம்பன்றி அரை நாள் தோண்டியும் தீராத மேடு கொஞ்ச நேரத்தில் தரைமட்டமானது. அடியில் தண்ணீர் இல்லை. கரடியின் கை நிறைய ஈரச் சருகுதான் வந்தது.

கரடி அதை முகர்ந்தது. அதன் குரல் இறங்கிவிட்டது. "மூங்கில்... தேன் எடுக்கப் போன மலையில இல்ல இது இருக்கும்? இங்கே எப்படி வந்துச்சு?"

"தண்ணிதான் கொண்டுவந்துச்சு அண்ணே," என்றது முள்ளம்பன்றி. "மலைத் தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு. நான் போட்ட மேட்டைத் தாண்ட முடியாம பொட்டலுக்குப் போயிருச்சு. மேடு போச்சு. ஆனா நீங்க ரெண்டு பேரும் வந்த வழியில என்னென்ன இருந்துச்சுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

கரடி தன் உடம்பில் குத்தியிருந்த முட்களைப் பார்த்தது. முயல் தரையைப் பார்த்தது.

அதற்குள் மயில் பறந்து வந்துவிட்டது. "என்ன எல்லாரும் இங்கே நிக்கிறீங்க? கரையில ஆள் இல்லை! தண்ணி போயிடும்!"

"ஆள் இருந்தப்பவே போச்சே!" என்றது முயல். சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. "ஆமா... நாங்க யாரும் நகரலை. சிரட்டைக்கு மேல யாரும் குடிக்கலை. ஆனா தண்ணி கல்லை விட்டு உள்ளே போய்க்கிட்டே இருந்துச்சு." அது மெதுவாகத் தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தது. "குடிச்சது அவர்தான்! பேர் கூப்பிடாமலே தினமும் குடிச்சிருக்கார்!"

எல்லோருக்கும் பயிரின் மஞ்சள் நுனி ஞாபகம் வந்தது.

"சரி," என்றது கரடி. "முயல் முதல்ல முள்ளை எடுக்கட்டும். அப்புறம் என் வரப்பைப் பார்க்கலாம்."

"முதல்ல வரப்பை எடுங்க அண்ணே! முள்ளை எடுத்த பிறகு நீங்க வரப்பை எடுக்கலைன்னா என் நிலம் திறந்து கிடக்குமே!"

"என் கிழங்கு இன்னும் முத்தலைடா!"

"என் கடலை மட்டும் முத்திருச்சா?"

முள்ளம்பன்றி இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அது வளைக்குள் போய் இரண்டு குட்டிகளையும் வெளியே அழைத்து வந்தது. மேடு இல்லாத வாய்க்காலில் தண்ணீர் வந்தால் இனி அந்த வளை தாங்காது. மேட்டுக் காட்டில் ஒரு பாறை இடுக்கு இருந்தது. அதை நோக்கி அது நடந்தது.

"அம்மா, நம்ம வீடு?" என்று கேட்டது சின்னக்குட்டி.

"அது தண்ணியோட வழி கண்ணு. நாமதான் தெரியாம நடுவுல படுத்துட்டோம்."

முயலும் கரடியும் சண்டையை விட்டார்கள். தாயும் குட்டிகளும் வரிசையாக மேட்டுக் காட்டில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மலைப்பக்கம் இடி உருண்டது.

முயல் திரும்பி ஓடியது. பல்லால் கவ்வி ஒவ்வொரு முள்ளாக இழுத்துப்போடத் தொடங்கியது. கரடி ஒரு பெருமூச்சு விட்டுத் தன் வரப்பை நோக்கி நடந்தது. குட்டிகளைப் பாறை இடுக்கில் விட்டுவிட்டு முள்ளம்பன்றியும் வந்து சேர்ந்தது. முள் எடுப்பதில் அதற்குப் பயமே இல்லை!

கரடி பிடுங்கிய கிழங்குகள் விரல் பருமன்தான் இருந்தன. அது அவற்றைக் கொஞ்ச நேரம் துக்கமாகப் பார்த்தது. பிறகு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. பிஞ்சா இருந்தாலும் இனிப்பாத்தான் இருக்கும்," என்று எல்லோருக்கும் நீட்டியது.

மயில் தனியாக நின்றது. இரண்டு சிரட்டைச் சம்பளம் போன வருத்தம் அதன் முகத்தில் தெரிந்தது. "இனிமே எனக்கு என்ன வேலை?"

"உனக்குத்தான் முக்கியமான வேலை," என்றது முள்ளம்பன்றி. "மரத்துல ஏறி மலையைப் பாரு. தண்ணி வர்றது தெரிஞ்சா கத்து. இந்த முறை திருட்டுப் பட்டம் கட்டக் கத்தாதே!"

பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. விடியும் நேரம் பனைமரத்திலிருந்து மயில் அகவியது. ஊரையே எழுப்பும் அகவல்!

தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், நுரையோடு, மூங்கில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. மேடு இருந்த இடத்தில் ஒரு கணம் தயங்கிச் சுழன்றது. முள்ளம்பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு தண்ணீர் கடந்துபோனது. முயல் அதன் கூடவே கரையில் ஓடியது. கரடி வரப்பு இருந்த இடத்தில் நின்று, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல, "வா, வா, வா!" என்றது.

கண்மாய் முழுதாக நிரம்பவில்லை. பாதிதான் நிரம்பியது. ஆனால் மூன்று நிலத்துக்கும் பாய அது போதுமானதாக இருந்தது. எல்லோரும் காவல் காத்த குட்டை எங்கே இருந்தது என்று பிறகு தேடியும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வரப்போரம் கருகிப்போன பயிர் போனதுதான். மற்றது தலைநிமிர்ந்தது. தை பிறந்தபோது குதிரைவாலி கதிர் சாய்ந்து நின்றது. உண்பதற்கு எடுக்கும் முன் மூவரும் விதைக்கு எடுத்துப் பானையில் போட்டார்கள். அந்தத் தையில் கண்மாயில் நாரைகள் வந்து இறங்கின.

அடுத்த ஆவணியிலும் மயில் பேர் கூப்பிட்டது. ஆனால் கண்மாய்க் கரையில் நின்று கூப்பிடவில்லை. புழுதியில் விதை போடுவதற்கு முன்னால், வாய்க்காலுக்குள் நின்று கூப்பிட்டது. "கரடி!" என்றால் மண்வாரும் சத்தம் பதிலாக வந்தது. "முள்ளம்பன்றி!" என்றால் கலகலவென்று முட்கள் ஆடின. இந்த முறை அவை பயத்தால் ஆடவில்லை, வேலை செய்யும் வேகத்தில் ஆடின.

இருக்கும் கொஞ்சத் தண்ணீரை ஒருவரிடமிருந்து ஒருவர் காத்துக்கொண்டிருப்பவர்கள் தாகத்தோடு இருப்பார்கள். வரும் தண்ணீருக்கு எல்லோரும் சேர்ந்து வழிவிடுபவர்கள் விளைச்சலைக் காண்பார்கள்.